சுமலதா எத்தனை பக்கம் படித்தாள்

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையிலேயே என் கடை. லேப்டாப், கைப்பேசி, டேப் என்று எது கெட்டாலும் பிரித்துப் பார்ப்பேன். பொம்பளை ரிப்பேர் பார்ப்பாளா என்று வாசலில் நின்று தயங்குகிறவர்களை நான் உள்ளே கூப்பிடுவதில்லை, தயக்கம் தீர்ந்த பிறகு வரட்டும் என்று விட்டுவிடுவேன். பதினாறு வருடமாக இதுதான் தொழில். இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத ஒன்றைச் சுமலதா முதல் நாளே கேட்டாள். கட்டைப்பையிலிருந்து ஒரு ரீடரை, அதாவது புத்தகம் படிக்கிற கருவியை, எடுத்து மேசையில் வைத்தாள். "அக்கா, இதுல பக்கம் தானா திரும்புற மாதிரி பண்ண முடியுமா?" என்றாள்.

கை வராதவர்கள் கேட்டிருந்தால் புரிந்திருக்கும். இவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. கை இரண்டும் நன்றாகவே இருந்தன, ஒன்றில் முருங்கைக்காய்க் கட்டு வேறு. யார் படிப்பதற்கு என்று கேட்டேன். யாரும் படிக்க வேண்டாம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கம் திரும்பினால் போதும், ஒரு நாளைக்கு முப்பது பக்கம் வர வேண்டும் என்றாள். சொல்லிவிட்டுச் சாலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கருவியைக் கையில் எடுத்ததுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. வெளிநாட்டில் நல்ல பெயர் எடுத்த ஒரு ரீடரை அப்படியே பார்த்துச் செய்த போலி. அதே கறுப்பு, அதே வளைந்த மூலை, ஓரத்தில் அதே மாதிரி இரண்டு பொத்தான். முதுகில் மட்டும் யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பெயர். போலியில் சாமான் மட்டமாக இருந்தால் நான் கோபப்பட மாட்டேன். பேட்டரி ஊதிக்கொள்ளும், திரையில் கோடு விழும், மாற்றிக்கொள்ளலாம். இது வேறு ரகம். அசல்காரன் வாங்குகிறவனைக் கட்டிவைக்க என்னென்ன கயிறு வைத்திருக்கிறானோ அத்தனையையும் காப்பியடித்து, போதாதென்று தன் பங்குக்கு இரண்டு கயிறு சேர்த்திருந்தான். என் கணினியில் சொருகிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறதென்றே காட்டவில்லை. அவன் கடைப் புத்தகத்தைத் தவிர வேறொன்றை அதில் ஏற்ற முடியாது, ஏற்றியதை வெளியே எடுக்கவும் முடியாது. எத்தனை பக்கம், எத்தனை நிமிடம், எந்த இடத்தில் நிறுத்தினாய் என்று எல்லாவற்றையும் குறித்துவைத்து, வைஃபை கிடைத்ததும் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிடும்.

அது அவள் புருஷன் பெயரில் பதிவாகியிருந்தது.

சுமலதாவின் அப்பா பாவாடை, வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கரும்பும் மணிலாக் கடலையும் வைக்கிறவர். மூன்று பெண்கள், இவள் மூத்தவள். லாஸ்பேட்டையில் பி.காம். முடித்துவிட்டு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தபோது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கோபிநாத் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரன். அவன் அப்பா அன்பழகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபிநாத்துக்குப் பாரீஸுக்கு வெளியே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் பிரிவில் வேலை. எங்கள் ஊரில் இப்படி ஒரு சம்பந்தம் வீடு தேடி வந்தால் ஜாதகத்தை அரைக்கண்ணால்தான் பார்ப்பார்கள். பாவாடை அந்த அரைக்கண்ணையும் திறக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, பெரியவ பிரான்ஸ் போறா என்று ஊருக்கே சொல்லிவிட்டார்.

கல்யாணத்துக்கு நாலு மாதம் முன்புதான் அன்பழகனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்திருந்தது. பேச்சும் போய்விட்டது. கல்யாணத்தை அவசரமாக நடத்துவதற்கு அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். சரி, அப்பா கண்ணுக்கு முன்னால் நடக்கட்டும் என்று பிள்ளை நினைக்கிறான் போல என்று பெண் வீட்டில் எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன், பெரிதாகப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

கோபிநாத் முப்பத்தெட்டு நாள் இருந்துவிட்டுப் போனான். சுமலதா மூலக்குளத்தில் மாமியார் செல்வாம்பாளோடு அந்த மாடிவீட்டில் தங்கினாள். காலையில் மாமாவைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்து, கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டி, துணி மாற்றி, மாதம் ஒரு தடவை ஆட்டோவில் ஏற்றிக் கோரிமேடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வரிசையில் நின்று, சர்க்கரைக்கு ஊசி மருந்தும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் வாங்கி வந்து, தினமும் ஊசி போட்டு, மறுபடி புரட்டிப் போட்டு, இப்படியே போனது. செல்வாம்பாளுக்கு முழங்கால் வலி. அதனால் அவர் சோபாவில் இருந்துகொண்டு சொல்லுவார், இவள் செய்வாள். கெட்ட மாமியார் என்று சொல்லிவிட முடியாது. திட்டமாட்டார், சாப்பாட்டில் குறை வைக்க மாட்டார், வெள்ளிக்கிழமையானால் இவளுக்கும் சேர்த்துப் பூ வாங்கிவைப்பார்.

ஆறாவது மாதம் பிரான்ஸிலிருந்து ஊருக்கு வந்த ஒருவர் மூலம் ஒரு பார்சல் வந்தது. சென்ட், சாக்லேட், அதோடு இந்த ரீடர். உள்ளே பிரெஞ்சு கற்றுக்கொள்ள ஆறு புத்தகம். பேச்சுத் தெரியாமல் இங்கே வந்து நிற்கக் கூடாது, ஆறையும் முடி, முடித்த மறுநாள் உன் விசா பேப்பரைப் போடுகிறேன் என்றான் கோபிநாத். சுமலதா சந்தோஷமாக ஆரம்பித்தாள். நாலு மாதத்தில் ஆறாவது புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்கு வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஒன்பது புத்தகம் ஆகியிருந்தது. ஒன்பதை முடிக்கும்போது பதினாலு. அவன் அங்கிருந்தபடியே ஏற்றிக்கொண்டிருந்தான்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவான், அங்கே மதியம். நேற்றுப் பதினோரு பக்கம்தானா, பாடம் மூன்றில் அரைமணி நேரம் ஏன் நின்றாய் என்று கேட்பான். அவன் கைப்பேசியில் இருக்கிற செயலியை அம்மா கைப்பேசியிலும் போட்டுவைத்திருந்தான். செல்வாம்பாளுக்கு அதில் எழுதியிருப்பது புரியாது, நிறம் புரியும். முப்பது பக்கம் ஆனால் பச்சை. ஆகாவிட்டால் சிவப்பு. மாமா வயிற்றுப்போக்கில் கிடந்து இரண்டு நாள் இவள் உட்காரவே நேரமில்லாமல் போனபோதுகூட, சோபாவிலிருந்து, "இன்னும் செவப்புலதான் நிக்குது சுமா" என்று குரல் வந்துகொண்டே இருந்ததாம்.

இதெல்லாம் முதல் நாளே அவள் சொன்னதில்லை. காய் வாங்க வருகிற சாக்கில் வந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. முதல் நாள் நான்தான் பேசினேன். எனக்கு இந்த விஷயத்தில் வாயை அடக்கத் தெரியாது. ஒரு புத்தகத்தைக் கடையில் வாங்கினால் அது உன்னுடையது, பாதியில் மூடினாலும் எந்தப் புத்தகமும் யாரிடமும் போய்ச் சொல்லாது, இந்தக் கருவி உன் கையில் இருக்கிறதே தவிர உன்னுடையது இல்லை என்று சொன்னேன். திறந்த கருவி என்று ஒன்று இருக்கிறது, அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவர் யாரும் பிரித்துப் பார்க்கலாம், எந்த இடத்துப் புத்தகத்தையும் ஏற்றலாம், எடுக்கலாம், யார் பேரும் ஊரும் கேட்காது என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் முருங்கைக்காயைப் பைக்குள் சரியாக வைத்தாள்.

"நா இருக்கிற வூட்டுக்கே தொறந்த கதவு இல்லக்கா. மிஷினுக்கு எதுக்கு?"

பக்கம் தானாகத் திரும்பவும் அந்தப் போலி விடாது, நான் அரைநாள் முயன்று பார்த்துத் தோற்றேன். கடைசியில் ஒரு வழி செய்தோம். என்னிடம் பழைய ரீடர் ஒன்று கிடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, ஊர் உலகத்தில் பல பேர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கிற திறந்த மென்பொருளை ஏற்றிவைத்திருந்தேன். அழகு என்று சொல்ல முடியாது. மூலையில் கீறல், பக்கம் திருப்பினால் கொஞ்சம் யோசித்துத்தான் திரும்பும். ஆனால் போடுகிற எதையும் படிக்கும், யாரிடமும் மூச்சு விடாது. சுமலதா தினமும் பத்தரை மணிக்குக் காய் வாங்க வருவாள். ஒரு மணி நேரம் என் கடையில் உட்கார்ந்து திறந்த ரீடரில் படிப்பாள். அந்த நேரம் போலி என் பக்கத்தில் இருக்கும். நான் ஒயர் பற்றவைத்துக்கொண்டே இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்துவேன். சாயங்காலம் வீட்டு வைஃபையில் அது பச்சையாகும். நன்றாகப் படிக்கிறாய், இந்த வாரம் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று கோபிநாத் பாராட்டினானாம். பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைக்காத பாராட்டு, நாற்பத்தொரு வயதில் பிரெஞ்சு தெரியாமலேயே கிடைத்தது.

போலியில் இருந்த புத்தகங்களில் என்ன இருந்தது தெரியுமா? நூலகம் எங்கே இருக்கிறது, எனக்கு இரண்டு ஆப்பிள் வேண்டும், என் அண்ணன் உயரமானவன். பதினாலு புத்தகத்திலும் இதையே திருப்பித் திருப்பி வேறு படத்தோடு போட்டிருந்தான். நான் திறந்த ரீடரில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஏற்றிக் கொடுத்தேன். காப்புரிமை முடிந்து யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்ட பழைய பிரெஞ்சுக் கதைகள், சமையல், ஒரு மருத்துவக் கையேடு, பிறப்புச் சான்று கல்யாணச் சான்று மாதிரிப் படிவங்கள், அங்கே அரசாங்கம் ஜனங்களுக்காகப் போடுகிற விளக்கப் பக்கங்கள். முதலில் ஒரு வரிக்கு நாலு தடவை அகராதியைத் தட்டினாள். அகராதியும் அதற்குள்ளேயே இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கதையைப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். ஒரு கஞ்சன் செத்ததாக நடிக்கிறான் அக்கா என்று சொல்லிவிட்டு மேலே படித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

படிப்பு வந்ததும் தொல்லையும் கூடவே வந்தது. கல்யாணத்தைப் பற்றிய விளக்கப் பக்கத்தை ஒரு நாள் மூன்று முறை படித்தாள். பிரெஞ்சுக்காரர் ஒருவர் இங்கே கல்யாணம் செய்தால், அந்தக் கல்யாணத்தை முதலில் பிரெஞ்சுப் பதிவில் ஏற்ற மனு கொடுக்க வேண்டும், மனைவியின் பயணமெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று அதில் இருந்தது. அந்த மனுவைக் கொடுக்க வேண்டியவன் கோபிநாத். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது, அப்படி ஒரு பேச்சே வந்ததில்லை. கேட்டுப் பார் என்றேன். கேட்டாளாம். உனக்கு எதற்கு அதெல்லாம், படிக்கிற வேலையைப் பார் என்றானாம். மறுநாள் பதினாலு புத்தகம் பதினெட்டு ஆனது.

போலியின் மெனு முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது. கோபிநாத் தன் வசதிக்கு அப்படி வைத்து அனுப்பியிருந்தான். ஆரம்பத்தில் சுமலதாவுக்கு அது வெறும் கிறுக்கல். எனக்கும்தான், படத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்தினேன். தை பிறந்து ஒரு செவ்வாய்க்கிழமை, நான் டீ வாங்கப் போயிருந்த நேரம், பக்கத்தை அவளே திருப்ப வேண்டியிருந்தது. கை தவறி மெனு திறந்துகொண்டது. இந்தத் தடவை எழுத்துகள் அவளுக்குப் படிக்க வந்தன. அதில் ஒரு வரி, குடும்பத்தார் படித்தவை.

அசல் ரீடரில் இந்தப் பட்டியலை உரிமையாளர் மட்டும்தான் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். போலி செய்தவன் அவசரத்தில் அந்தத் தாழ்ப்பாளைப் போட மறந்துவிட்டான். கோபிநாத் பெயரில், அம்மா கைப்பேசி போக, மூன்று கருவி இருந்தது. ஒன்று அவன் கைப்பேசி. ஒன்று சுமலதா. மூன்றாவதற்குப் படுக்கையறை என்று பெயர் வைத்திருந்தார்கள். அதில் படித்த புத்தகம் ஒன்றே ஒன்றுதான். தொப்பி தொலைத்த வாத்தைப் பற்றிய குழந்தைப் படப்புத்தகம், பன்னிரண்டு பக்கம். அங்குள்ள நேரத்தில் தினமும் இரவு எட்டேகால் மணிக்குத் திறந்திருக்கிறார்கள், எட்டரைக்கு மூடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தடவை. அதற்கு முந்தைய வருடம் அதே நேரத்துக்கு வேறொரு புத்தகம், ஆறு பக்கம், பொம்மைகளின் பெயர் மட்டும் உள்ளது.

நான் டீயோடு திரும்பியபோது அவள் அந்தப் பட்டியலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் நீட்டி ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டிருந்தது.

"கொழந்த இருக்குதுக்கா அங்க. எட்டேகாலுக்கு அதத் தூங்க வைக்கிறாங்க."

இப்போதே ஃபோன் போடு, அவனைக் கிழி, கிளம்பு என்று கத்தினேன். பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சுமலதா டீயைக் குடித்து முடித்தாள். எங்கே கிளம்புவது என்று கேட்டாள். அப்பா வீட்டுக்குப் போனால், பிரான்ஸ் போன பெண் மூலக்குளத்தைக்கூடத் தாண்டாமல் திரும்பி வந்துவிட்டாள் என்று பேசுவார்கள். இரண்டாவது தங்கச்சிக்குச் சித்திரையில் நிச்சயம், அந்த மாப்பிள்ளை வீட்டார் வந்ததே பெரியவள் பிரான்ஸ்காரன் மனைவி என்பதைக் கேட்டுத்தான். போன வாரம்கூடப் பாவாடை வந்து, விசா எப்பம்மா என்று கேட்டு, இவள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவள் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பூட்டு.

"மாமாவ யாருக்கா பொரட்டிப் போடுவா? அத்தையால முடியாது. ரெண்டு நாள் விட்டா முதுகு புண்ணாயிடும்."

அதன் பிறகு இரண்டு வாரம் அவள் ஒன்றுமே நடக்காதது போல இருந்தாள். பத்தரைக்கு வருவாள், படிப்பாள், போவாள். படிப்பதற்கு முன்னால் மட்டும் போலியைத் திறந்து முந்தின நாள் எட்டேகாலைப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் அந்த வரி இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தன் மேலேயே கோபித்துக்கொண்டாள். அவளுக்குப் பதிலாக நான் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தப் பச்சையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைப்பதற்கு முப்பது பக்கம் போதுமாக இருந்திருக்கிறது. நானும் அதற்குத் துணை போயிருக்கிறேன் என்று நினைத்து ஒரு இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

என் வாடிக்கையாளர் ஜானகிராமன் மிஷன் வீதிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருக்கிறார். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்களுக்கு வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்லி, படிவங்களை நிரப்பிக் கொடுக்கிற இடம். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். நான் சுமலதாவைப் பற்றிச் சொன்னேன். காய் வாங்குகிற நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்றார். அவர் கொடுத்த கடிதத்தை அவள் ஒரு இடத்திலும் நிற்காமல் தமிழில் சொன்னாள். மூன்றாவது வாக்கியத்திலேயே மனுஷர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். திங்கட்கிழமை முதல் வரலாம், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். லாஸ்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற ஹாஸ்டல் ஒன்றில் கட்டில் காலியிருப்பதையும் நானே விசாரித்துவைத்தேன். சுமலதா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பதில் மட்டும் சொல்லவில்லை. புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை காய்ப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கோபிநாத் வாயால் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்றாள். பொய் சொல்லுவான் என்றேன். யோசிக்க விட்டால்தான் பொய் வரும் என்றாள்.

இனி சொல்வது அவள் சொல்லி நான் அறிந்தது. அவர்கள் வீட்டில் தினமும் ஃபோனில் ஒரு பயிற்சி நடக்கும். பாடப்புத்தகத்தில் உள்ளபடி அவள் பிரெஞ்சில் பத்துக் கேள்வி கேட்க வேண்டும், அவன் பதில் சொல்லுவான். பிறகு அவன் கேட்க, இவள் சொல்ல வேண்டும். ஒன்றரை வருடமாக அதே கேள்விகள். அவன் வேலை இடைவேளையில் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே, எங்கேயோ பார்த்துக்கொண்டே பதில் சொல்லுவான். செல்வாம்பாளுக்கு ஒன்றும் புரியாது, ஆனால் மருமகள் பிரெஞ்சு பேசுவதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும். ஒலியைக் கூட்டிவைக்கச் சொல்லுவார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கைப்பேசியைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து, ஒலியைக் கூட்டித்தான் வைத்திருந்தாள். மாமியார் சோபாவில். மாமா அதே ஹாலில் கட்டிலில்.

உங்கள் பெயர் என்ன என்று ஆரம்பித்தாள். கோபிநாத். எங்கே வேலை செய்கிறீர்கள்? விமான நிலையத்தில். காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? ஐந்து மணிக்கு. உங்கள் தந்தையின் பெயர்? அன்பழகன். உங்கள் தாயின் பெயர்? செல்வாம்பாள். கேள்விக்கும் கேள்விக்கும் நடுவில் மூச்சு விடுகிற அளவுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை என்று சொன்னாள். குரல் மாறாமல், அதே பள்ளிக்கூட ராகத்தில் ஆறாவது கேள்வியைக் கேட்டாள்.

"கொமான் சப்பெல் வோத்ர் ஃபீய்?"

உங்கள் மகளின் பெயர் என்ன?

"அமாந்தின்," என்றான்.

சொன்ன பிறகுதான் வாயில் இருந்ததை மெல்லுவதை நிறுத்தினான். செல்வாம்பாளுக்கு அந்தப் பெயர் புரிந்துவிட்டது. சோபாவில் அசையாமல் இருந்தார், என்ன என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வராததில்தான் சுமலதாவுக்கு மீதி எல்லாம் தெரிந்தது. இவளை வரச் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை என்று அவருக்குப் பெண் பார்க்க வந்த நாளிலிருந்தே தெரியும். இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஆள் எழுந்து போகாமல் இருக்க ஒரு புத்தகம் வேண்டியிருந்தது. கட்டிலில் அன்பழகன் இடது கையால் போர்வையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த ஹாலில் கேள்வியும் பதிலும் முழுசாகப் புரிந்த இன்னொரு ஆள் அவர்தான்.

கோபிநாத் சுமா, சுமா என்று இரண்டு தடவை கூப்பிட்டான். நீ ஃபோனை வை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வாம்பாள் மகனுக்குச் சொன்னார். அவன் வைத்துவிட்டான். யார் சொன்னது உனக்கு என்று மருமகளைக் கேட்டார். நீங்கள் கொடுத்த கருவிதான் என்றாள் சுமலதா. அதற்குள் அவளுக்கு அழுகை வந்திருந்தது. மாமியார் அவளை அழவிட்டார். தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தினமும் சொல்வது போலவே சொன்னார்.

"சரிம்மா. மாமாவுக்கு ஊசி போடுற நேரமாச்சு."

அதுவரைக்கும் அழுகைதான் இருந்தது, கோபம் வந்தது அந்த இடத்தில்தான் என்றாள் என்னிடம். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் ஃபிரிட்ஜிலிருந்து இன்சுலினை எடுத்தாள். அளவைச் சரிபார்த்தாள். மாமாவின் சட்டையைத் தூக்கி வயிற்றில் பஞ்சால் துடைத்தாள். துடைத்துவிட்டு, ஊசியை மாமியாரின் பக்கம் நீட்டினாள்.

"எழுந்து வாங்க அத்த. தோல இப்பிடி ரெண்டு வெரலால புடிக்கணும். உள்ள எறக்கினதும் பத்து எண்ணுற வரைக்கும் எடுக்கக் கூடாது. நாளையிலேருந்து நீங்கதான் போடணும்."

செல்வாம்பாள் மடியிலிருந்த தன் கைப்பேசியைச் சோபாவில் வைத்தார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். ஊசி பிடித்த கை இரண்டு தடவை குறி தவறியது. சுமலதா அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாமாவுக்கு வலிக்காமல் ஊசியை இறக்கி, பத்து வரைக்கும் எண்ணினாள்.